ஏழு நாள் அவகாசம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட எட்டு வயது மூத்த கணக்குப் பிரிவு அதிகாரிகூடக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, நெட் வரல." "அக்கா, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு." "அக்கா, பிரிண்டர் பேப்பரை முழுங்கிடுச்சு." பிரிண்டர் வாயிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிக் கொடுத்ததும் தம்பி தங்கைகள் எல்லாரும் கலைந்துபோய்விடுவார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. கூடப்பிறந்த ஒரே தங்கை விமானத்தில் ஒரு பகல் தூரத்தில் இருக்கிறாள். இந்த நிலையில் இத்தனை பேருக்கு அக்காவாக இருப்பது அவளுக்குச் சில நாள் வேடிக்கையாகப் படும். பல நாள் படாது.

அவள் உட்காரும் இடம் கட்டடத்தின் பின்பக்கம், சர்வர் அறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரும்பு அலமாரிகளில் இயந்திரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் அவள் மேசை, அவள் நாற்காலி, வருகிறவர்கள் உட்கார இன்னொரு நாற்காலி. அந்த இரண்டாவது நாற்காலியில் அவள் எப்போதும் தன் கைப்பையை வைத்துவிடுவாள். காலியாக இருந்தால் கண்ணை உறுத்துகிறது என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. குளிர்சாதனக் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும். கோடையிலும் ஸ்வெட்டர்தான். யாராவது உள்ளே வந்தால் "எப்படிக்கா இந்தக் குளிர்ல இருக்கீங்க!" என்று பரிதாபப்பட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வெளியே போய்விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிடுவாள். "சாப்ட்டியா? உடம்பு பரவாயில்லையா? சரி, பசங்க கத்துறாங்க, வச்சிடறேன்." அந்த வாரத்தின் பேச்சு அத்தோடு முடிந்தது. மறுபடி திங்கட்கிழமை, மறுபடி பிரிண்டர்.

இப்படி ஒரு திங்கட்கிழமைதான் டிஸ்க் நிரம்பியது.

நிலையத்தில் நூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேருடைய கோப்புகளும் ஒரே பெரிய டிஸ்கில், ஆளுக்கொரு வீடு மாதிரி ஆளுக்கொரு ஃபோல்டரில் இருந்தன. யாருக்கு எவ்வளவு இடம் என்று வரைமுறை கிடையாது. வரைமுறை இல்லாத இடத்தில் படித்தவர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே நடந்துகொண்டார்கள். ஒருத்தர் தன் கல்யாண வீடியோவை மூன்று பிரதி போட்டு வைத்திருந்தார், மூன்று கல்யாணம் செய்துகொண்டவர் மாதிரி. இன்னொருத்தி ஒரே ஆய்வேட்டைக் 'கடைசி', 'கடைசி இரண்டு', 'சத்தியமாக இதுதான் கடைசி' என்று பெயர் வைத்து அடுக்கியிருந்தாள். "கொஞ்சம் காலி பண்ணுங்க" என்று அக்கா மாதக்கணக்காகக் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று காலை இயக்குநரின் ஆண்டறிக்கை பாதியில் சேமிக்க முடியாமல் நின்றது. அவள் தொண்டை கிழியக் கெஞ்சியபோது நடக்காத அதிசயம் அன்று நடந்தது. இயக்குநரே சர்வர் அறைக்கு நடந்து வந்தார்.

"ஆளுக்கு இவ்வளவுதான்னு அளந்து விட்டுடுங்க மேடம். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான்."

"உங்களுக்குமா சார்?"

"எனக்குக் கொஞ்சம் தாராளமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அளந்து விடுவதற்கு அந்த மாதிரி சர்வர்களில் பழைய, நம்பகமான ஏற்பாடு ஒன்று உண்டு. முதலில் அந்த டிஸ்கை இணைக்கும் வரியில், இனிமேல் ஆள்வாரியாகக் கணக்குப் பார் என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். பிறகு இயந்திரம் ஒவ்வொரு கோப்பாகத் தொட்டு, இது யாருடையது, எவ்வளவு பெரியது என்று எண்ணி முடிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தருக்கும் இரண்டு எல்லை போட வேண்டும். முதல் எல்லை ஒரு கோடு. அதைத் தாண்டலாம், ஆனால் ஏழு நாளுக்குள் பழையபடி உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டாவது எல்லை சுவர். அதற்கு மேல் ஓர் எழுத்துகூட எழுத முடியாது. ஏழு நாளில் உள்ளே வராதவருக்கு முதல் கோடே சுவராகிவிடும்.

அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எடுத்த எடுப்பில் கதவைச் சாத்தாமல் ஏழு நாள் பொறுக்கிறதே, இதை யோசித்த மகராசன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கோட்டைத் தாண்டியவர்களுக்குத் தினமும் காலையில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தானாகப் போகும். அந்த ஏற்பாட்டோடு கூடவே வந்த வாசகம் காவல் நிலையத்திலிருந்து வந்தது மாதிரி இருந்தது. அதை அழித்துவிட்டு அவளே ஒன்று எழுதினாள்.

'வணக்கம். உங்களுக்கான இடம் கொஞ்சம் நிரம்பிவிட்டது. பதற வேண்டாம், ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. வேண்டாதது எது என்று பொறுமையாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும். ஏதாவது சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.'

ஒரு வாரத்தில் அவள் பெயர் ரேஷன் அக்கா ஆயிற்று. கடிதத்துக்கு ஒருத்தரும் பதில் எழுதவில்லை. தவளை சார் மட்டும் எழுதினார்.

தவளை சாரை அவள் பார்த்ததே இல்லை. அவள் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருடம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முப்பது வருடமாகக் குளம், குட்டை, சாக்கடை என்று ஒன்று விடாமல் போய் உட்கார்ந்து தவளைகளின் குரலைப் பதிவு செய்தவர். அந்தப் பதிவுகளுக்கு ஒரு விளக்கத் தொகுப்பு எழுதி முடிக்கும்வரை சர்வரில் அவருடைய இடம் அவருக்கே என்று விட்டிருந்தார்கள். வீட்டிலிருந்தபடி உள்ளே வந்து வேலை பார்ப்பார். மின்னஞ்சல் தபாலும் அங்கேயேதான், வேறு முகவரி கிடையாது.

'மதிப்பிற்குரிய அம்மா, உங்கள் கடிதம் கண்டேன். இவ்வளவு தன்மையாக என்னை யாரும் இடத்தைக் காலி செய்யச் சொன்னதில்லை. என் வீட்டுச் சொந்தக்காரர் உங்களிடம் வந்து பாடம் படிக்க வேண்டும். இரண்டு நாளில் ஒழுங்கு செய்துவிடுகிறேன்' என்று எழுதி, கீழே 'தவளை' என்றே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறையில் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையும் கடிதம் தானாகப் போனது. அதற்கும் பதில் வந்தது. 'நேற்று எழுதியதையே இன்றும் அதே பொறுமையோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை வலிக்காதா?' அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. மனிதர் கம்ப்யூட்டரை ஒரு தபால் நிலையமாகவே நினைத்திருக்கிறார். உள்ளே யாரோ ஒருத்தி உட்கார்ந்து தினமும் அவருக்காக எழுதிப் போடுகிறாள் என்று நம்புகிறார்.

சார், அது இயந்திரம் அனுப்புவது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவள் எழுத ஆரம்பித்தாள், நிறுத்தினாள். அதற்குப் பதிலாக, 'கை வலிக்கவில்லை சார். தவளைகள் அப்படி என்னதான் கத்துகின்றன?' என்று கேட்டு அனுப்பினாள். அதை அவள்தான் எழுதினாள், தன் பத்து விரலால்.

அப்புறம் என்ன, மடை திறந்தது. ஒரே குட்டையில் பல ஆண் தவளைகள் கத்தும்போது, அடுத்தவன் கத்தாத இடைவெளி பார்த்துத் தன் குரலைச் செருகும் சாமர்த்தியக்காரர்கள் உண்டு என்று எழுதினார். எங்கள் அலுவலகக் கூட்டத்தில் அந்தச் சாமர்த்தியம் ஒருத்தருக்கும் கிடையாது என்று இவள் எழுதினாள். அவருக்குக் குழந்தைகள் இல்லை, மனைவி போய்ச் சில வருடங்கள் ஆயின, அவருடைய தமக்கை மகன் வருடத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டுவான். இவள் இரண்டாவது நாற்காலியையும் கைப்பையையும் பற்றிக்கூட எழுதிவிட்டாள். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

தினமும் காலை அறிக்கையில் யார் யார் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. தவளை சார் வாரா வாரம் தாண்டினார். ஆறாம் நாள் ஒழுங்காக உள்ளே வருவார். அடுத்த நாளே மறுபடி தாண்டுவார். என்ன கோலம் இது என்று ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரே பதிவைப் பிரதியெடுத்து வைக்கிறார், சில நாள் கழித்து அந்தப் பிரதியை அழிக்கிறார், மறுபடி அதே பிரதி. இடம் போதாமல் தாண்டவில்லை. கடிதம் வர வேண்டும் என்பதற்காகத் தாண்டுகிறார்.

அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சும்மாவே எழுதலாம் சார், எதற்கு இந்தத் திருட்டுத்தனம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு காரணம் இல்லாமல் ஒருத்தருக்கு எழுதும் பழக்கம் இரண்டு பேருக்குமே விட்டுப்போயிருந்தது. அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். பிரிண்டரிடம்கூடக் கோபப்படவில்லை.

பிறகு புதுத் திட்டம் ஒன்று வந்தது. வானத்திலிருந்து எடுத்த படங்கள், ஒவ்வொன்றும் யானை கனம். இயக்குநர் மறுபடி நடந்து வந்தார்.

"எல்லாருக்கும் பாதியாக் குறைச்சிடுங்க மேடம். ஓய்வு பெற்றவங்களுக்கு இன்னும் குறைங்க. அவங்க என்ன பண்ணப் போறாங்க?"

"தவளை சாரோட பதிவெல்லாம் இருக்கு சார். ரொம்பப் பெருசு."

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான் மேடம். அவர் வந்து கேட்டா அப்பப் பார்த்துக்கலாம்."

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். குறைத்தவுடன் தவளை சார் சுவருக்கு வெளியே நிற்பார். எச்சரிக்கைக் கடிதம் போகும். மனிதர் கொதித்துப் போய் ஒரு பதில் எழுதுவார். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இயக்குநரிடம் நியாயம் பேசி அவருடைய இடத்தை மீட்டுக்கொடுத்துவிடலாம். இதுதான் அவள் போட்ட கணக்கு. முன்கூட்டியே ஒரு வரி சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லிவிட்டால் அவர் நல்ல மனிதர், 'பரவாயில்லை அம்மா' என்று ஒதுங்கிவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை. எல்லையைக் குறைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று.

கோபம்தான் என்று முடிவு கட்டினாள். அவளே எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால் எல்லையைக் குறைத்தவள் அவள். எழுதினால் சமாதானம் சொல்வது மாதிரி ஆகிவிடும், அவர் பதில் போடாவிட்டால் அசிங்கம். தினமும் காலையில் என் பெயரில் கடிதம் போகிறதல்லவா, மனசிருந்தால் அவர் எழுதட்டும் என்று வீம்பாக இருந்தாள். நாளாக ஆக வீம்பு கசப்பானது. இரண்டு பேச்சுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டபோது, "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஏசி காத்து" என்றாள் அக்கா. அதற்குள் அந்தப் பக்கம் பசங்க கத்தினார்கள்.

அப்புறம் காலை அறிக்கையில் தவளை சார் பிடித்திருந்த இடத்தின் எண் குறைய ஆரம்பித்தது. முதலில் தடாலென்று ஒரு பெரிய சரிவு. பிறகு வாரக்கணக்கில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வார்த்தை சொல்லாமல் சாமானையெல்லாம் வேறெங்கோ ஏற்றிக்கொண்டிருக்கிறார், வீட்டைக் காலி செய்கிறார் என்று நினைத்தாள். போகட்டும். யாரைத்தான் பிடித்து வைக்க முடிந்தது? அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடிவிட்டாள்.

ஒரு காலையில் அந்த எண் கோட்டுக்குள் வந்தது. வந்த பத்தாவது நிமிடம் கடிதம் வந்தது.

'அம்மா, வணக்கம். நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது அளவுக்குள் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். கோபம் தணிந்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கணக்குப் பிரிவுக்கு ஓடினாள்.

"தவளை சாரா?" என்றார் கணக்கு அதிகாரி. "இன்னும் இருக்காரா மனுஷன்? ஓ, பென்ஷன் போகுதே, அப்ப இருக்காரு." தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுத்தார்.

மணி வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். எதிர்பார்த்ததைவிட மெல்லிய குரல்.

"சார், நான்தான்... சர்வர் ரூம்லேருந்து பேசறேன்."

"அம்மாவா? ஒரு நிமிஷம் இருங்க, டிவியை நிறுத்திட்டு வரேன்." செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "சொல்லுங்கம்மா. கோபம் போயிடுச்சா?"

"எனக்கென்ன சார் கோபம்? நீங்கதான் ஒரு மாசத்துக்கு மேல பேச்சே இல்லாம இருந்துட்டீங்க."

"நானா? நான் தினமும் எழுத உக்காந்தேன். உக்காந்து நாலு வரி எழுதுறதுக்குள்ள உங்க பதில் வந்து நின்னுடும். டிஸ்க் கோட்டா எக்சீடட். அளவைத் தாண்டிட்டேன்னு மூணே வார்த்தை. அதுவும் இங்கிலீஷ்ல. முன்னாடியெல்லாம் எவ்வளவு தன்மையா எழுதுவீங்க! சரி, அம்மா மனசு நொந்துபோயிருக்காங்க, நாமதான் அவங்க நல்ல மனசை வச்சு விளையாடிட்டோம்னு நினைச்சேன்."

"என்ன விளையாட்டு?"

"நான் வேணும்னேதான் தாண்டுவேன்மா" என்றார் கூச்சத்தோடு. "உங்க கடிதம் வரும்னு. அது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் இப்படி முகத்தை முறிச்சுட்டீங்கன்னு நினைச்சேன்."

பேசிக்கொண்டே ஒரு கையால் கணினியில் தட்டிப் பார்த்தாள். பல வருடம் முன்னால் தபால் டிஸ்க் கெட்டுப்போனபோது, தற்காலிகம் என்று சொல்லி எல்லாருடைய தபால் பெட்டியையும் இந்தப் பெரிய டிஸ்கிலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். தற்காலிகம் அப்படியே நிலைத்துவிட்டது. எல்லை போட்டபோது தபால் பெட்டியும் அவரவர் அளவில் சேர்ந்துவிட்டது. சுவருக்கு வெளியே நின்றவருக்கு எழுதவும் முடியாது, வந்த கடிதத்தை வாங்கி வைக்கவும் முடியாது. இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லும் கடிதத்தை வைக்கவே அங்கே இடமில்லை. அது தினமும் திரும்பி வந்து, இயந்திரம் அனுப்பும் நூறு சில்லறைச் செய்திகளோடு, அவள் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் விழுந்து கிடந்தது. சுவரில் முட்டிக்கொண்ட இளைஞர்கள் எல்லாம் நேரில் வந்து கத்தித் தீர்த்துக்கொண்டார்கள். நேரில் வந்து கத்த ஆளில்லாத ஒருத்தர் அவர் மட்டும்தான்.

"சார், என்ன எடுத்தீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"எல்லாத்தையும்தான். பெருசா எடுத்தாச் சீக்கிரம் அளவுக்குள்ள வந்துடலாமேன்னு முதல்ல பெரிய குளத்தை எடுத்தேன். அது விடிய விடியப் பதிவு பண்ணது. இப்ப அந்தக் குளமே இல்ல, மேல கட்டடம் வந்துடுச்சு. அப்புறம் சின்னச் சின்னதா."

"வேற எங்கயாவது ஒரு காப்பி?"

"எங்கம்மா வைப்பேன்? அங்க இருந்தாப் பத்திரம்னு நீங்கதானே, உங்க ஆபீஸ்லதானே சொன்னாங்க."

"முப்பது வருஷ வேலை சார் அது!" என்றாள்.

"ஆமாம்மா" என்றார். "அழிக்கறப்போ ஒவ்வொண்ணையும் ஒரு தடவை கேட்டுட்டுத்தான் அழிச்சேன். அதான் இவ்வளவு நாள் ஆயிடுச்சு. என்ன பண்றது, தவளைங்க எனக்குப் பதில் எழுதாதுங்களே, நீங்கதானே எழுதுவீங்க."

இதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சார், அந்த மூணு வார்த்தை நான் எழுதினது இல்ல. மெஷின் சொன்னது. யார் அளவைத் தாண்டினாலும் அதே மூணு வார்த்தைதான் சொல்லும்."

"அப்படியா?" அவர் குரலில் வெளிச்சம் வந்தது. "நீங்க இல்லையா? அப்பாடா."

"இன்னும் ஒண்ணு சார். தினமும் காலையில வருமே, வணக்கம் பதற வேண்டாம்னு. அதுவும் மெஷின்தான் அனுப்புது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"முதல் கடிதமுமா?"

"முதல் கடிதமும்தான். வாசகம் நான் எழுதினது. ஆனா உங்களுக்குன்னு எழுதல. எல்லாருக்கும் அதேதான் போகும்."

"தவளை என்ன கத்துதுன்னு கேட்டீங்களே?"

"அது நான் சார். அதெல்லாம் நான்தான். நீங்க எழுதினதுக்கு வந்த பதில் ஒவ்வொண்ணும் நானே எழுதினது."

"சரிம்மா" என்றார். கோபமா, வருத்தமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று அக்கா பிரிண்டர் பக்கமே போகவில்லை. கதவில் யார் தட்டியபோதும் அப்புறம் வாருங்கள் என்று விரட்டினாள். முதலில் தபால் பெட்டிகளை எல்லாம் வேறு டிஸ்குக்கு மாற்றினாள், பல வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. பிறகு காப்புப் பிரதிகளைத் தோண்டினாள். காப்பில் ஒரு மாதத்துக்கு உண்டானதுதான் இருக்கும், அதைவிடப் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பின்னால் அழிக்கப்பட்ட சின்னக் குட்டைகளும் சாக்கடைகளும் கிடைத்தன. முதலில் அழிக்கப்பட்டவை கிடைக்கவில்லை. பெரிய குளம் போனது போனதுதான். எல்லாக் காப்பையும் இரண்டு தடவை தேடினாள், அவசரத்தில் கண் தப்பியிருக்குமோ என்று.

பிறகு இயக்குநரின் அறைக்குப் போய், தவளை சாருக்கு மட்டும் எல்லை கிடையாது, தேவையானால் என் இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மறுபடி கூப்பிட்டாள். கிடைத்ததையும் கிடைக்காததையும் சொன்னாள். பெரிய குளத்தைக் கடைசியாகச் சொன்னாள். "நான் ஒரு வரி முன்னாடியே எழுதியிருந்தா இது நடந்திருக்காது சார்" என்றாள். அவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

"கிடைச்சதையெல்லாம் திரும்ப வச்சிடறேன் சார். இனிமே உங்களுக்கு எல்லையே கிடையாது. எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கலாம்."

"அப்ப அந்தக் காலைக் கடிதம்?"

"அது வராது சார். தாண்டினவங்களுக்குத்தான் வரும். எல்லையே இல்லைன்னா எதைத் தாண்டறது?"

அவர் யோசித்தார். யோசிக்கும்போது மூச்சு தொலைபேசியில் பட்டுப் பட்டுக் கேட்டது.

"கொஞ்சம் எல்லை இருக்கட்டும்மா."

"எதுக்கு சார்? அதுதான் மெஷின்னு சொன்னேனே. நான் எழுதறேன் உங்களுக்கு. தினமும் நானே எழுதறேன்."

"எழுதுவீங்க. நல்லா எழுதுவீங்க. வேலை வந்தா மறந்துபோவீங்க. மனசு நொந்தா நிறுத்திடுவீங்க." குறையாகச் சொல்லவில்லை, தவளைகளைப் பற்றிச் சொல்வது போல, இருப்பதை இருக்கிறபடி சொன்னார். "அது நிறுத்தாது இல்ல?"

நானும் நிறுத்த மாட்டேன் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த ஒரு மாதத்துக்கு மேலாக அவர் திரை முன்னால் உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தபோது, தான் இங்கே உட்கார்ந்து வீம்பு பிடித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"நிறுத்தாது சார்" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவருடைய எல்லையைத் திறந்தாள். சுவரை எடுத்துவிட்டாள். கோட்டை மட்டும், மீட்டு வைத்த பதிவுகளின் அளவுக்குக் கொஞ்சம் கீழே போட்டாள், நாளைக் காலையிலிருந்து கடிதம் போகும்படி. ஆனால் ஏழு நாள் முடிந்ததும் அந்தக் கோடு தானே சுவராகிவிடும், விளக்கத் தொகுப்பில் அவரால் ஒரு வரிகூட எழுத முடியாது. அப்படி ஆகாமல் இருக்க, வாரத்துக்கு ஒரு தடவை அவருக்கு மட்டும் அவகாசத்தைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அதைத் தானாக நடக்க வைப்பது அவளுக்கு ஒரு பெரிய காரியமில்லை, இரண்டு வரி எழுதினால் போதும். அவள் எழுதவில்லை, அது வாராவாரம் தன் கையாலேயே நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.